நாலாயிரத்தைத் தாண்டும்போது

தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான் வழியாகச் சுங்கை பெசார் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது பழகிய அனுபவம். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது. எதிரே வெகுதூரம் வரை வண்டி இல்லை. ஒரு கியர் குறைத்து ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்கிறீர்கள். சுற்றுமானியின் முள் மூவாயிரத்தைக் கடக்கிறது. நாலாயிரத்தை நெருங்கும்போது எஞ்சினின் குரலே மாறிவிடுகிறது. அதுவரை முனகிக்கொண்டிருந்தது வாயைத் திறந்து பாடத் தொடங்குகிறது. முதுகு இருக்கையில் அழுந்த, லோரி பின்னால் போய்விடுகிறது.

எல்லாக் காரிலும் இது நடப்பதில்லை. புரோட்டோன் ஜென்-2 காரின் 2008ஆம் ஆண்டு மாடலில் நடக்கும், சத்ரியா நியோ சிபிஎஸ்ஸில் நடக்கும், மைவெக் எஞ்சின் மாற்றிய பழைய விராவில் பலமாகவே நடக்கும். இளைஞர்கள் இதைக் 'கிக்' என்கிறார்கள். பட்டறைக்கு வந்து, "அண்ணே, அந்தக் கிக் இன்னும் சீக்கிரமா வர்ற மாதிரி பண்ண முடியுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். பெரிய சக்தி எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறதென்றால், அது ஏன் நாலாயிரம் வரை காத்திருக்க வேண்டும்? இரண்டாயிரத்திலேயே வந்தால் என்ன?

ஐந்து மில்லி விநாடி

எஞ்சின் காற்றைக் குடித்துத்தான் வேலை செய்கிறது. எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். ஆகவே சக்தி என்பது பெரும்பாலும் காற்றைப் பற்றிய கணக்கு.

புரோட்டோனின் 1.6 லிட்டர் காம்ப்ரோ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்தக் கொள்ளளவு 1,597 சிசி. நான்கு சிலிண்டர் இருப்பதால் ஒவ்வொன்றும் ஒரு முறை இழுக்கவேண்டிய காற்று ஏறக்குறைய 400 சிசி, அதாவது ஒரு பெரிய தேநீர்க் குவளை அளவு. பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் அந்த அரைச் சுற்றுக்குள் இவ்வளவும் உள்ளே வந்துவிட வேண்டும்.

எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும்போது அரைச் சுற்றுக்கு 20 மில்லி விநாடி கிடைக்கிறது. 6,000 சுற்றில் கிடைப்பது 5 மில்லி விநாடி, ஒரு விநாடியில் இருநூறில் ஒரு பங்கு. வால்வுகள் திறந்து தரும் இடைவெளி சராசரியாக 8 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,500 சுற்றில் காற்று அந்த இடுக்கில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நுழைகிறது. மலேசியக் கூட்டரசுச் சாலைகளின் வழக்கமான வேகவரம்பும் அதுதான். 6,000 சுற்றில் அதே இடுக்கு வழியே மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் பாய வேண்டியிருக்கிறது. அந்த வேகத்தில் காற்றுக்கு இடுக்கு போதாது. சிலிண்டர் முழுதாக நிரம்புவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

அப்படியானால் வால்வை இன்னும் உயரமாகவும் இன்னும் நீண்ட நேரமும் திறந்து வைத்தால் போயிற்று என்று தோன்றும். வேகத்தில் அது சரிதான். மெதுவாக ஓடும்போதுதான் அது வினையாகிறது.

கடலோர மதகு

சுங்கை பெசாரிலும் செகிஞ்சானிலும் வயலோரம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வயல்நீரைக் கடலுக்கு விடும் மதகு கடல் வற்றியிருக்கும்போது திறந்திருக்கும். கடல் ஏறத் தொடங்கியதும் அதை மூட வேண்டும். முன்னதாகவே மூடினால், போயிருக்கவேண்டிய நீர் வயலிலேயே தங்கிவிடும். தாமதித்தால் உப்புநீர் உள்ளே ஏறிவிடும். மூடுகிற நேரம்தான் எல்லாம்.

காற்று உள்ளே வரும் வால்வுக்கும் இதே சிக்கல் உண்டு. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிவிட்டாலும், வேகமாக வந்துகொண்டிருக்கும் காற்று உடனே நின்றுவிடாது. வந்த வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே திணிந்துகொள்ளும். 6,000 சுற்றில் இந்த உந்தம் பலமானது. அதனால் வால்வைத் தாமதமாக மூடினால் கூடுதல் காற்று கிடைக்கிறது. 1,500 சுற்றில் காற்றுக்கு அந்த உந்தம் இல்லை. தாமதமாக மூடினால், ஏறிவரும் பிஸ்டன் ஏற்கெனவே உள்ளே வந்த காற்றையே வெளியே தள்ளிவிடும். எஞ்சின் தளர்ந்துபோகும், நின்றிருக்கும்போது நடுங்கும்.

ஆக ஒரு வேகத்துக்கு நல்லதாக இருக்கும் வால்வு நேரம் மற்றொரு வேகத்துக்குக் கெட்டது. பழைய எஞ்சின்களுக்கு இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு நேரத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். 2004இல் ஜென்-2 காரில் வந்த முதல் காம்ப்ரோவும் அப்படிப்பட்டதுதான். 6,000 சுற்றில் 110 குதிரைத் திறன், 4,000 சுற்றில் 148 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை என்று தாளில் நன்றாகத்தான் இருந்தது. முறுக்கு விசை என்பது சக்கரத்தைத் திருப்பும் பலம். காம்ப்ரோவில் அந்தப் பலம் சீராக ஏறவில்லை. 3,000 சுற்றை ஒட்டிய பகுதியில் ஒரு பள்ளம் விழுந்து, பிறகுதான் உச்சத்துக்குப் போனது. ஊருக்குள் ஓட்டுகிறவர் அதிகம் புழங்குவதே அந்தப் பகுதியில்தான் என்பதால் குறை பெரிதாகவே தெரிந்தது.

ஒரே வால்வு, இரண்டு முகடு

வால்வைத் திறப்பது காம்ஷாஃப்ட் என்ற தண்டு. அதன்மேல் முட்டை வடிவில் புடைத்திருக்கும் பகுதியை இங்கே முகடு என்போம். முகடு சுழன்று வரும்போது வால்வை அழுத்தித் திறக்கிறது. அதன் உருவம்தான் வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு உயரும், எப்போது மூடும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஒரு வால்வுக்கு இரண்டு வகை முகடு வைத்து, வேகத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையை 1989இல் ஹோண்டா தன் இன்டெக்ரா காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இக்குவோ கஜித்தானி என்ற பொறியாளர் உருவாக்கிய அந்த வி-டெக் ஏற்பாட்டில் 1.6 லிட்டர் எஞ்சின் 160 குதிரைத் திறன் தந்தது. 1992இல் மிட்சுபிஷி அதே கொள்ளளவில் மைவெக் எஞ்சினைக் கொண்டுவந்து 175 குதிரைத் திறன் எடுத்தது. அந்த மைவெக், 4ஜி92 எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1.6 லிட்டர் விராவில் இருந்ததும் அதே குடும்பம்தான். ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட்டாக, அதாவது பாதியாக அறுத்த பழைய காரின் முன்பகுதியாக, வந்திறங்கிய மைவெக் எஞ்சின்கள் நம் ஊர் விராக்களுக்குள் அவ்வளவு சுலபமாக உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த உறவு.

புரோட்டோன் 2008இல் கொண்டுவந்த காம்ப்ரோ சிபிஎஸ்ஸும் இந்த வழியில் வந்ததுதான். ஹோண்டாவிலும் மிட்சுபிஷியிலும் முகட்டுக்கும் வால்வுக்கும் நடுவே நெம்புகோல்கள் இருக்கும், மாற்றம் அங்கே நடக்கும். சிபிஎஸ்ஸில் நெம்புகோல் இல்லை. வால்வின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் கிண்ணம் போன்ற உறுப்பு, டாப்பெட், இரண்டு துண்டாகச் செய்யப்பட்டிருக்கிறது. உள்துண்டின்மேல் சிறிய முகடு உருள்கிறது. வெளித்துண்டின்மேல் இருபக்கமும் பெரிய முகடுகள் உருள்கின்றன. சாதாரணமாக வெளித்துண்டு தனியே ஏறி இறங்கும், வால்வுக்கு அது ஒன்றும் செய்யாது. எஞ்சின் எண்ணெய் அழுத்தத்துடன் வந்து ஒரு சிறு ஊசியைத் தள்ளினால் இரண்டு துண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அந்தக் கணத்திலிருந்து பெரிய முகடு சொல்கிறபடிதான் வால்வு.

இந்தப் பூட்டு விழும் நேரத்தை யோசித்தால் வியப்பாக இருக்கும். முகட்டின் புடைப்பு மேலே இல்லாதபோது, வால்வு மூடியிருக்கும்போதுதான் இரண்டு துண்டின் துளைகளும் நேருக்கு நேர் நிற்கும், ஊசி நுழைய முடியும். எஞ்சின் 4,000 சுற்றில் ஓடும்போது காம்ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில், 30 மில்லி விநாடிக்கு ஒரு முறை சுற்றுகிறது. அதில் வால்வு மூடியிருக்கும் நேரம் ஏறக்குறைய 20 மில்லி விநாடி. அதற்குள் ஊசி முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும்.

எந்தச் சுற்றில் பூட்டுவது என்பதைக் காரின் கணினி முடிவு செய்கிறது. இந்த நூலில் அதை மாற்றுப் புள்ளி என்று அழைப்போம். ஜென்-2 சிபிஎஸ்ஸில் மாற்றுப் புள்ளி 3,800. சத்ரியா நியோ சிபிஎஸ்ஸில் 4,400. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றுதான், 6,500 சுற்றில் 125 குதிரைத் திறன், 4,500 சுற்றில் 150 நியூட்டன் மீட்டர். ஒரே எஞ்சினுக்கு இரண்டு புள்ளி இருப்பதிலிருந்தே, அந்த எண் இரும்பில் வார்த்ததல்ல, யாரோ ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது என்பது விளங்கும். எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்?

இரண்டு கோடுகள் வெட்டும் இடம்

ஒரு கற்பனை எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. எந்தக் காரையும் அளந்து எடுத்தவையல்ல, ஆனால் இந்த வகை எஞ்சினின் இயல்புக்கு ஒத்தவை.

முதலில் ஊசி பூட்டவே பூட்டாதபடி செய்து, சிறிய முகட்டில் மட்டும் எஞ்சினை ஓட்டி முறுக்கு விசையை அளக்கிறோம். 3,500 சுற்றில் 146 நியூட்டன் மீட்டர் வருகிறது. 4,000இல் 145. பிறகு மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது. 4,500இல் 138, 5,000இல் 128.

அடுத்து எப்போதும் பூட்டியே இருக்கும்படி வைத்து, பெரிய முகட்டில் மட்டும் ஓட்டுகிறோம். 3,500 சுற்றில் 134தான் கிடைக்கிறது, உள்ளே வந்த காற்று வெளியே போய்க்கொண்டிருக்கிறது. 4,000இல் 145. 4,500இல் 150. 5,000இல் 149.

இரண்டையும் ஒரே தாளில் கோடாக வரைந்தால் 4,000 சுற்றில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே சிறிய முகடு மேல், அதற்கு மேலே பெரிய முகடு மேல். மாற்றுப் புள்ளி அந்த வெட்டும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

இப்போது பட்டறைக்கு வந்த தம்பியின் ஆசைப்படி அதை 3,500க்கு இறக்குவோம். முள் 3,500ஐத் தொட்டதும் முறுக்கு விசை 146இலிருந்து 134க்கு விழுகிறது. சத்தம் பெரிதாகிறது, வண்டி தளர்கிறது. 4,000 வரை அந்த நட்டத்தைச் சுமந்துகொண்டே ஓட வேண்டும். காது வேகம் கூடிவிட்டதாகச் சொல்லும், கடிகாரம் அதை மறுக்கும்.

எதிர்ப்பக்கமாக 5,000க்கு ஏற்றிப் பார்ப்போம். 4,000ஐக் கடந்தபிறகும் சிறிய முகட்டிலேயே ஓடி, 145இலிருந்து 128க்கு மெல்ல இறங்குகிறது. 5,000இல் ஊசி பூட்டியதும் ஒரே தாவலில் 149. இருபத்தொரு நியூட்டன் மீட்டர் ஒரு கணத்தில் ஏறுகிறது. முதுகில் யாரோ உதைத்தது போல் இருக்கும். இதைத்தான் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் 4,000க்கும் 5,000க்கும் இடையே சராசரியாக 148 கிடைத்திருக்கவேண்டிய இடத்தில் 137தான் கிடைத்தது, ஏறக்குறைய நூற்றுக்கு ஏழரைப் பங்கு குறைவு. லோரியின் பக்கவாட்டில், எதிர்த்தடத்தில் நிற்கும்போது அந்த ஏழரைப் பங்கு சின்ன விஷயமல்ல.

சரியாக 4,000இல் மாற்றினால் என்ன உணர்வு வரும்? மாறும் கணத்தில் 145இலிருந்து 145. உதை இல்லை. சத்தம் மட்டும் மாறும், தளரவேண்டிய நேரத்தில் எஞ்சின் தளராமல் இழுத்துக்கொண்டே போகும். நல்ல மாற்றுப் புள்ளியை முதுகு கண்டுபிடிக்காது. ஒரு கார் எவ்வளவு பலமாகக் கிக் கொடுக்கிறதோ, அதற்கு முந்திய ஆயிரம் சுற்றில் அவ்வளவு சக்தியை அது கொடுக்காமல் வைத்திருந்தது என்று பொருள். பந்தயக் கார் செய்கிறவர்களுக்கு இது முதல் பாடம். நம் இளைஞர்களிடம் இதை யாரும் பொறுமையாக எடுத்துச் சொல்வதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

தயாரிப்பாளர்களே சில சமயம் புள்ளியை வெட்டும் இடத்துக்குச் சற்று மேலே வைக்கிறார்கள். சிறிய முகட்டில் பெட்ரோல் மிச்சமாகும், புகை குறையும். அந்த ஆதாயத்துக்காகக் கொஞ்சம் முறுக்கு விசையை விட்டுக்கொடுப்பதில் தவறில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மாற்றுப் புள்ளி உண்மையில் ஒன்றல்ல, இரண்டு. ஏறும்போது 4,000இல் பூட்டினால், இறங்கும்போது 3,800 போல ஒரு சுற்றில்தான் விடுவிப்பார்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால், 4,000ஐ ஒட்டியே ஓட்டுகிறவரின் காரில் ஊசி ஓயாமல் பூட்டிப் பூட்டித் திறக்கும்.

கியர் மாறினால்

இரண்டாம் கியரில் 6,300 சுற்று வரை இழுத்து மூன்றாவது போடுகிறீர்கள். சுற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்து 4,200க்கு வருகிறது என்று கொள்வோம். மாற்றுப் புள்ளி 4,000 என்றால் எஞ்சின் பெரிய முகட்டிலேயே இருக்கும், இழுவை தொடரும். 4,500 என்றால், பூட்டு விடுபட்டுச் சிறிய முகட்டுக்கு விழுந்து, மறுபடி ஏறி, மறுபடி பூட்ட வேண்டும். ஒவ்வொரு கியருக்கும் இதே கதை. ஆகவே புள்ளியைத் தேடும்போது வெட்டும் இடத்தோடு கியர்ப்பெட்டியின் படிகளையும் பார்க்க வேண்டும். விராவுக்குள் மைவெக் எஞ்சினை இறக்கி, பழைய கியர்ப்பெட்டியை அப்படியே விட்டுவிட்டவர்கள் இந்தத் தொல்லையில் மாட்டிக்கொள்வார்கள்.

எண்ணை மாற்றுவது எப்போது சரி

வெட்டும் இடம் நிலையானதல்ல. அகலமான எக்சாஸ்ட் குழாய் போட்டால், காற்று உள்ளே வரும் வழியை மாற்றினால், காம்ஷாஃப்ட்டையே மாற்றினால் இரண்டு கோடுகளும் இடம் பெயரும். காம்ப்ரோ சிபிஎஸ்ஸில் முகடு மட்டும் மாறுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காற்று வரும் குழாயின் நீளமும் 4,800 சுற்றில் நெடுங்குழாயிலிருந்து குறுங்குழாய்க்கு மாறுகிறது. ஒன்றைத் தொட்டால் மற்றதன் கணக்கும் அசையும். அப்படி மாற்றிய எஞ்சினுக்குத் தொழிற்சாலை வைத்த எண் இனிப் பொருந்தாது. புள்ளியை மாற்றுவது அப்போது நியாயம், தேவையும்கூட.

செய்யும் முறை மேலே நாம் காகிதத்தில் செய்ததேதான். காரை முறுக்கு விசை அளக்கும் டைனோ உருளைகளின்மேல் ஏற்றி, ஒருமுறை பூட்டாமல், ஒருமுறை பூட்டியபடி முழு ஆக்சிலரேட்டரில் அளந்து, கோடுகள் வெட்டும் இடத்தைக் கணினியில் எழுத வேண்டும். சுற்றை மட்டும் எழுதினால் போதாது. பெரிய முகட்டில் கூடுதல் காற்று வருவதால் பெட்ரோல் அளவும் தீப்பொறி நேரமும் வேறு. நல்ல கணினியில் இரண்டு முகட்டுக்கும் தனித்தனி அட்டவணை இருக்கும். ஊசிக்கு எண்ணெயைத் திறந்துவிடும் மின்வால்வான சோலனாய்டின் கம்பியை வெட்டி ஒரு சுவிட்சைப் பொருத்தி, "எப்ப வேணுமோ அப்ப தட்டிக்கோ" என்று கொடுக்கும் குறுக்குவழியில் கணினிக்கு எதுவும் தெரியாது. அது சிறிய முகட்டின் அட்டவணைப்படி பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்க, காற்று மட்டும் கூடும். கலவை மெலிந்து, சூடேறி, வெடிப்புச் சத்தம் கேட்டு, கடைசியில் பிஸ்டனில் ஓட்டை விழும் அபாயம் இருக்கிறது. இந்தச் சுவிட்சை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

புள்ளியே இல்லாத எஞ்சின்

2005இல் வந்த பெரோடுவா மைவியில் டிவிவிடி என்று எழுதியிருந்தது. சுங்கை பெசார் கடைத்தெருவில் ஓடும் எத்தனையோ மைவிகளில் யாரும் கிக் கேட்டதில்லை. அதில் முகடு ஒன்றுதான். காம்ஷாஃப்ட்டையே சற்று முன்னும் பின்னும் திருகி, அது திறக்கும் நேரத்தை எண்ணெய் அழுத்தத்தால் தொடர்ந்து நகர்த்துகிறார்கள். படி இல்லாத ஏற்றம் என்பதால் தாவலும் இல்லை. வால்வு உயரும் அளவு மாறாது, அதனால் உச்ச சக்தியில் பெரிய லாபம் கிடையாது. அன்றாடம் ஓட்டும் வேகங்களில் மட்டும் நல்ல பலன் உண்டு.

புரோட்டோனும் கடைசியில் இந்தப் பக்கமே வந்தது. 2016 பெர்சோனாவின் 1.6 லிட்டர் விவிடி எஞ்சின் ஏறக்குறைய 107 குதிரைத் திறன்தான் தருகிறது, சிபிஎஸ்ஸின் 125ஐவிடக் கணிசமாகக் குறைவு. ஆனால் 150 நியூட்டன் மீட்டர் அப்படியே இருக்கிறது, அதுவும் 4,500க்குப் பதில் 4,000 சுற்றிலேயே. உச்சியில் இழந்து நடுவில் பெற்றார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு இது நல்ல பேரம் என்றே நினைக்கிறேன்.

முதலில் எண்ணெய்

சிபிஎஸ், மைவெக், வி-டெக், டிவிவிடி எல்லாவற்றையும் அசைப்பது ஒரே பொருள், எஞ்சின் எண்ணெய். அது சாதாரணமாக உராய்வைக் குறைக்கும் பொருள் என்றுதான் நினைக்கிறோம். இந்த எஞ்சின்களில் அது ஊசியைத் தள்ளும் கையும்கூட. மட்டம் குறைந்தால் அழுத்தம் வராது. எஞ்சின் சூடேறும் முன் எண்ணெய் தடித்திருக்கும், அப்போது பல கணினிகள் பூட்டுவதற்கு அனுமதிப்பதே இல்லை. காலையில் புறப்பட்ட உடனே கிக் வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டியதில்லை.

பல எஞ்சின்களில் சோலனாய்டுக்கு அடியில் விரல்நகத்தைவிடச் சற்றுப் பெரிதான வலைச்சல்லடை ஒன்று இருக்கும். மூன்று போல்ட்டைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். எண்ணெய் மாற்றாமல் காலம் தள்ளிய வண்டியில் அதன் கண்கள் கருங்களி போல அடைத்து, ரப்பர் விளிம்பு இறுகிக் கல்லாகியிருக்கும். அந்த வண்டிக்காரர்தான் "கிக் லேட்டா வருது, பாயிண்டைக் கொஞ்சம் இறக்குங்க" என்று வந்து நிற்பார். கணினி சரியான சுற்றில்தான் கட்டளையிடுகிறது. எண்ணெயால் அந்தச் சல்லடையைத் தாண்டி நேரத்துக்குள் போக முடியவில்லை. மாற்றுப் புள்ளியை இறக்கினால் கட்டளை முன்னதாகப் போகும், ஊசி அப்போதும் தடுமாறும், பாதி பூட்டிய விளிம்பில் உலோகம் தேயும். எண்ணெய்க்கோலை இழுத்து மட்டத்தைப் பார்த்து, சல்லடையைக் கழுவி, புது எண்ணெயும் வடிகட்டியும் போட்டு, எஞ்சினை நன்றாகச் சூடேற்றி ஒரு முறை ஓட்டிப் பார்த்த பிறகும் குறை இருந்தால்தான் கணினியைத் தொட வேண்டும்.